பம்பையை வைத்து ஸ்பீக்கரை அளந்தேன்

லட்சக்கணக்கில் செலவழித்து ஆடியோ செட்டு வாங்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மைக் வைக்காத இசையைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். பெரும்பாலான சபாக் கச்சேரிகள் இதற்கு உதவாது. அங்கேயும் நாம் கேட்பது ஸ்பீக்கரைத்தான். சினிமாப் பாட்டும் ஆகாது. குரல் ஒரு நாள், வயலின் ஒரு நாள் என்று பதிவாகி மிக்ஸிங்கில் ஒன்றுசேர்ந்த பாட்டுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க அசல் என்று ஒன்று எங்கேயும் ஒலித்ததில்லை.

எனக்கு அந்த அசல் கிடைத்தது வத்தல்மலையில். தருமபுரியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் காப்பி, மிளகு, சில்வர் ஓக் மரங்கள். அவற்றுக்கு நடுவே மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள். கோயில் பண்டிகை ஒன்றில், திறந்த வெளியில், மைக் இல்லாமல் பம்பை மேளம் அடித்தார்கள். அனுமதி கேட்டுக் கையடக்க ரெக்கார்டரில் பதிந்துகொண்டேன். முடிந்ததும் பம்பைக்காரரிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டவர், "சத்தம் நம்ம பம்பதான் சார். ஆனா நெஞ்சுல வந்து இடிக்கல" என்றார். அதைவிடச் சரியான விமர்சனத்தை எந்த ஆடியோ பத்திரிகையிலும் நான் படித்ததில்லை. ஆழ்ந்த ஒலியைக் காது மட்டும் கேட்பதில்லை, உடம்பும் கேட்கிறது. ஹெட்ஃபோன் காதோடு நின்றுவிடும்.

வீட்டில் அந்தப் பதிவை ஸ்பீக்கரில் போட்டபோது ஒன்று புரிந்தது. மிதமான ஒலியில், பம்பை என் அறையிலேயே இருப்பதுபோல் இருந்தது. காரணம், மலையில் சுவர் இல்லை. பதிவில் வேறொரு கூடத்தின் எதிரொலி ஏறவில்லை. என் அறையின் எதிரொலி மட்டுமே சேர்ந்தது. மண்டபத்தில் பதிந்த கச்சேரி என்றால் இரண்டு அறைகளின் எதிரொலி ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அமெரிக்காவில் ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் எட்கர் வில்ச்சர் 1950களின் இறுதியில் தொடங்கிய மேடைச் சோதனைகளில், ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் கலைஞர்கள் வாசிப்பதும் நிறுத்துவதுமாக இருக்க, அவர்களின் பதிவு ஏஆர்-3 ஸ்பீக்கர்களில் நடுநடுவே அவர்களுக்குப் பதிலாக ஒலித்தது. எது எப்போது மாறியது என்று பலருக்குப் பிடிபடவில்லை. அந்தப் பதிவும் எதிரொலி இல்லாத சூழலில் எடுக்கப்பட்டதே. 1915 முதல் எடிசன் நிறுவனம் பாடகரைத் தன் ஃபோனோகிராஃபுக்குப் பக்கத்தில் நிறுத்தி இதே வித்தையைக் காட்டியது. இன்று அக்கால இசைத்தட்டுகளைக் கேட்டால் எப்படி நம்பினார்கள் என்று வியப்பாக இருக்கிறது. காது அவ்வளவு எளிதில் ஏமாறும்.

ஒலியைக் கூட்டியதும் என் செட்டு தடுமாறியது. பம்பையில் குச்சி விழும் அந்த நொடியின் உச்சம் சராசரி ஒலியைவிட 20 டெசிபல் அதிகமாக இருந்தால், அதற்கு 100 மடங்கு வாட் வேண்டும். சராசரிக்கு 2 வாட் போதும் என்றால் உச்சத்துக்கு 200 வாட். ஆம்ப்ளிஃபயரால் அது முடியாதபோது அடியின் நுனி மழுங்கிவிடும். பல வணிகப் பதிவுகளில் இந்த உச்சத்தை முன்கூட்டியே நசுக்கிவிடுவதால், கடையில் போட்டுக் காட்டும் பாட்டில் இந்தக் குறை தெரியாது. நீங்களே பதிவு செய்தால், மிகப் பலமான அடியிலும் மீட்டர் சிவப்பைத் தொடாதபடி அளவைக் குறைத்து வையுங்கள். கருவியின் ஆட்டோ லெவல் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் அடியும் அமைதியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும்.

பம்பைப் பதிவு இல்லாதவர்கள் மிருதங்கத் தனியாவர்த்தனம் ஒன்றைக் கடைக்கு எடுத்துச் செல்லலாம். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் பூசிய கருப்புச் சோறு எப்படி அந்தத் தோலுக்குச் சுருதியைத் தருகிறது என்று சி.வி. ராமன் 1920இலேயே ஆராய்ந்து எழுதினார். சாதாரணத் தோலின் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசையாது. சோறு அவற்றை இசைய வைக்கிறது. அதனால் வலந்தலையில் சுருதி தெளிவாகக் கேட்காத ஸ்பீக்கரை வாங்காதீர்கள். இடப்பக்கமான தொப்பியில் கும்கி வரும் இடத்தை இன்னும் கவனமாகக் கேளுங்கள். ஒலி வழுக்கி ஏறுவதைப் பின்தொடர முடிந்தால் அடித்தொனி நன்றாக இருக்கிறது. எல்லாம் ஒரே 'பூம்' என்று கேட்டால் பெட்டியோ அறையோ சொந்தமாகப் பேசுகிறது.

பெரும்பாலும் அது அறைதான். அதனால் விலை உயர்ந்த கேபிளுக்குக் கொடுக்கும் பணத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஸ்பீக்கரை மூலையிலிருந்து இழுத்து வைப்பது, பக்கச் சுவரில் ஒலி முதலில் மோதும் இடத்தில் புத்தக அலமாரி நிறுத்துவது, நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நகர்த்துவது ஆகியவற்றில் வரும் மாற்றம் யார் காதுக்கும் தெரியும். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவையும் சமமாக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும்.

சாதாரண வீட்டு அறையில் வீணையும் ஒற்றைக் குரலும் ஏறக்குறைய அவற்றின் உண்மை அளவிலேயே வரும். என் பணத்தை அதற்கேற்ற ஸ்பீக்கரில்தான் போட்டேன். நாதஸ்வரம், தவில், பம்பைக்கு நிகராக அந்த அறையில் எதை வைத்தாலும் போதாது. அவற்றுக்குப் பண்டிகை நாள் விசாரித்து மலைக்குப் போகிறேன்.