பறையும் முழவும்: புறநானூற்றில் ஒரு பாட்டு

இம்முறை நாம் படிக்க எடுத்துக்கொள்வது புறநானூற்றின் 194ஆம் பாட்டு. பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். ஏழே அடிகள். உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு 1894இல் இந்நூலை அச்சேற்றியதால்தான், கடையும் கணக்குமாக இருக்கும் நம் போன்றோர் கைக்கும் இது எட்டியது.

பாட்டின் செய்தி இதுதான். ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது. இன்னொரு வீட்டில் மணமுழவு முழங்குகிறது. துணையோடு கூடிய பெண்கள் பூச்சூடியிருக்கிறார்கள். துணையைப் பிரிந்தவர்கள் கண்ணீர் வடிக்கிறார்கள். இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்கிறார் புலவர். உலகம் கொடியது, இதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியவற்றைக் காணட்டும் என்று முடிக்கிறார்.

சாப்பறையைப் புலவர் 'நெய்தல்' என்கிறார். நெய்தல் என்றால் கடற்கரை என்று பள்ளியில் படித்தவர்கள் இங்கே கடலைத் தேடக்கூடாது. இரங்கற்பறைக்கும் அதுவே பெயர்.

இனி, சற்று நின்று பார்க்கவேண்டிய இடம். இப்பாட்டில் சாவு என்ற சொல்லே இல்லை. 'பிரிந்தோர்' என்பது மட்டுமே உண்டு. பறை ஒலிப்பதைக் கொண்டுதான் அப்பிரிவு எத்தகையது என்று நாம் அறிகிறோம். நம்மவர்க்கு இச்சொல் இரட்டிப்பாக உறுத்தும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஓடிய காலத்தில், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே கல்லாவில் உட்கார்ந்திருந்தோர் எத்தனை பேர்! மௌத்துச் செய்தி தாங்கிய கடிதம் வந்து சேரும்போது அங்கே அடக்கம் முடிந்து நாளாகியிருக்கும். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரர் மகளின் நிக்காஹுக்குப் போய் உட்கார்ந்தவர்களும் உண்டு.

படைத்தவனைப் பழிக்கும் அடியைக் கண்டதும் 'அஸ்தஃபிருல்லாஹ்' என்று சிலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அச்சொல்லை நாமும் ஏற்பதற்கில்லை. ஆயினும், மையித்து வீட்டில் நெஞ்சு வெடித்து அழுபவர் சொல்வதையெல்லாம் அவருடைய கொள்கையென்று நாம் எழுதி வைப்பதில்லையே! தவிர, அது ஐந்தாம் அடிதான். புலவர் அங்கே நிறுத்தவில்லை.

கடைசி அடியின் 'இனிய' என்பது எது? முத்தியின்பம் தரும் நற்செயல்கள் என்று பழைய உரைகாரர் கொண்டார். பாட்டு, நிலையாமை பேசும் பெருங்காஞ்சித் துறையில் வகுக்கப்பட்டிருப்பதால் அதற்கு இடமுண்டு. துன்பத்துக்கு நடுவே இருக்கும் இன்பத்தைக் காணச் சொல்கிறார் என்பது மற்றொரு கருத்து. நமக்குப் பின்னதே நெருக்கமாகத் தோன்றுகிறது. ஏனெனில் புலவர் 'செய்க' என்னாமல் 'காண்க' என்கிறார். காண்பதற்குரிய பூவையும் முழவையும் முதல் அடிகளிலேயே வைத்தும் விட்டார். பறையின் ஓசையில் அந்த மணவீடு நம் காதில் விழாமற் போயிருக்கும். மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள்.