பங்கா, கூலியா? அடுத்தவர் பெயரில் எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

எழுத வரும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் போதும், தூத்துக்குடியில் வேலை தேடி வரும். திருவிழா மலருக்குத் தலைவரின் வாழ்த்துரை, சங்க ஆண்டு விழாவுக்குச் செயலாளரின் பேச்சு, கப்பல் ஏஜென்சி அண்ணாச்சியின் வாழ்க்கை வரலாறு, எங்கோ இருக்கும் நிறுவனத்தின் இணையதளத்துக்குச் சொல்லுக்கு இத்தனை பைசா என்று கட்டுரை. பெரும்பாலும் எதிலும் உங்கள் பெயர் இருக்காது. எதை எடுப்பது, எதை விடுவது?

இந்தக் கடற்கரையிலேயே இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு முத்துக்குளிப்பில் மூழ்கியவருக்குக் கிடைத்தது பங்கு. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒன்று அவருக்கு, மீதி அரசுக்கு. சிப்பியைத் திறக்காமலே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. எழுத்திலும் ராயல்டி என்பது இப்படிப்பட்ட பங்குதான். உங்கள் பெயர் அட்டையில் இருந்தால் அந்தச் சூதாட்டத்தில் இறங்கலாம். பெயர் அடுத்தவருடையது என்றால் கூலி மட்டும் பேசுங்கள்.

மனு எழுதுதல்

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கோரம்பள்ளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்கள் பலர். எழுதிக் கொடுத்தால் காசு அங்கேயே கைக்கு வரும். திருத்தம், பாக்கி என்ற பேச்சு இல்லை. தொகை சிறியது, வேலையும் சில நாட்களுக்குத்தான். பத்திரம் எழுதுவது வேறு. அதற்கு ஆவண எழுத்தர் உரிமம் வேண்டும்.

மலரும் மேடைப் பேச்சும்

பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26இல் தொடங்கி ஆகஸ்ட் 5இல் முடியும். அதுபோன்ற விழாக்களை ஒட்டித்தான் இந்த வேலைகள் வரும். “ஒரு பக்கம்தானே தம்பி, சும்மா எழுதிக் குடுங்க” என்பார்கள். அந்த ஒரு பக்கத்துக்கு ஒரு தொகையைச் சொல்லிவிடுங்கள். தெரிந்தவர் என்பதால் தள்ளுபடி தரலாம், இலவசம் வேண்டாம். பேச்சு விஷயத்தில் சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. பொதுமேடையில் ஆற்றிய உரைக்கு, ஆற்றியவரையே முதல் உரிமையாளராக 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கருதுகிறது. ஆகவே அவர் மைக் பிடிக்கும் முன்பே பணம் வந்திருக்க வேண்டும்.

வாழ்க்கை வரலாறு

பெயரில்லா வேலைகளில் உருப்படியான தொகை வருவது இதில்தான், சிக்கலும் இதில்தான். அண்ணாச்சி பேசுவதைப் பதிவு செய்ய வேண்டும், கேட்டு எழுத வேண்டும். பிறகு மகன் ஒரு திருத்தம் சொல்வார், மருமகன் அதை மாற்றச் சொல்வார். இரண்டு முறை திருத்தம், அதற்குமேல் தனிக் கட்டணம் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். தொகையை மூன்றாகப் பிரித்து முன்பணமாக ஒன்று, முதல் படி தரும்போது ஒன்று, அச்சுக்குப் போகும் கோப்பைக் கொடுக்கும் முன் ஒன்று என வாங்குங்கள்.

நீங்கள் அவரிடம் சம்பள வேலையில் இல்லை என்றால், எழுதியதன் உரிமை முதலில் உங்களுடையது. அதை மாற்றிக் கொடுக்க உங்கள் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். அதில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிக்காவிட்டால் இந்தியா என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமையைக் கொடுத்த பின்னும் “எழுதியது நான்” என்று கோர அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இடம் தருகிறது. வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனையானால், அந்த மௌனத்துக்கும் விலை சேர்த்துச் சொல்லுங்கள்.

சொல்லுக்கு இத்தனை பைசா

உதாரணத்துக்குச் சொல்லுக்கு 30 பைசா என்று வைத்துக்கொள்வோம். 1,000 சொல்லுக்கு 300 ரூபாய். தகவல் தேட, எழுத, திருத்த ஆறு மணி நேரம் போனால் மணிக்கு 50 ரூபாய்தான். விகிதத்தைப் பார்க்காமல் மணிக்கணக்கைப் பாருங்கள். ஊதியமில்லாத நீண்ட மாதிரிக் கட்டுரை கேட்டால் விலகுங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் ‘உத்யம்’ பதிவு இலவசம். பதிந்த சிறு தொழில்முனைவோருக்கு, ஒப்பந்தம் என்ன சொன்னாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். தவறினால் வட்டியும் உண்டு. கை பழக ஆறேழு மாதம் இதில் இருக்கலாம், தங்கிவிட வேண்டாம்.

ஆய்வேடு

முனைவர் பட்டத்துக்கு எழுதிக் கொடுக்கும் வேலைக்கு நல்ல தொகை பேசுவார்கள். தொடாதீர்கள். திருட்டு எழுத்து 60 விழுக்காட்டைத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்தாகும் என்கிறது 2018ஆம் ஆண்டு யுஜிசி விதி. சிக்கியவர் உங்களைக் கைகாட்டுவார். பணம் தராமல் ஏமாற்றினால் நீங்கள் எங்கே போய் முறையிடுவீர்கள்? பிழை திருத்தம், தட்டச்சு மட்டும் செய்யலாம்.

சொந்தப் பெயர்

200 ரூபாய்ப் புத்தகம், 10 விழுக்காடு ராயல்டி, 300 பிரதி விற்றால் 6,000 ரூபாய். ஓராண்டு உழைப்புக்கு இது கூலி ஆகாது. சிறை மீண்ட பின் மொழிபெயர்ப்பும் பதிப்பும் செய்த வ.உ.சி.யைக் கடன் 1936இல் இறக்கும்வரை விடவில்லை. ‘கொற்கை’ நாவலுக்கு 2013இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குருஸ் கப்பல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். சோற்றுக்கு வேறு வழி இருப்பவருக்கே பங்கு கட்டுப்படியாகும்.

யாருக்கு எது?

இந்த மாத வாடகை உடனே வேண்டும் என்றால் மனுவும் மலரும். நான்கைந்து மாதம் பொறுக்க முடியும், பேரம் பேசவும் கூச்சமில்லை என்றால் வாழ்க்கை வரலாறு. புதிதாக எழுத வந்தவருக்கு இணையக் கட்டுரை, அதுவும் கெடு வைத்து. எதை எடுத்தாலும் வாரத்தில் ஒரு நாளைச் சொந்த எழுத்துக்கு ஒதுக்குங்கள். அடுத்த அண்ணாச்சி கூடுதல் தொகைக்குச் சம்மதிக்க, நீங்கள் காட்டக்கூடிய சான்று உங்கள் பெயரில் வந்த எழுத்து மட்டுமே.