ஒரு முகமும் ஒரு வில்லையும்

1950ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். ஜப்பானியப் புகைப்படக்காரர் ஜுன் மிக்கி, அறையில் இருந்த வெளிச்சத்திலேயே அவரைப் படம் எடுத்தார். சிறந்த வில்லை என்றால் அது ஜெர்மானிய வில்லையே என்று பலரும் நம்பிய காலம் அது. மிக்கி பயன்படுத்தியதோ ஜப்பானில் செய்த 8.5 செ.மீ. நிக்கார் வில்லை. பெரிதாக அச்சிட்ட படத்தின் தெளிவு டங்கனை வியக்க வைத்தது. நிப்பான் கோகாக்கு தொழிற்சாலைக்கே சென்று வில்லைகளைச் சோதித்துப் பார்த்தார். அவ்வாண்டு ஜூனில் கொரியப் போர் மூண்டபோது, தம் லைக்கா காமிராவில் நிக்கார் வில்லைகளைப் பொருத்திக்கொண்டு போர்க்களம் சென்றார்.

அந்த வில்லையில் அப்படி என்ன சிறப்பு?

முதலில் அதன் குவியத்தூரம். 35 மி.மீ. காமிராவின் வழக்கமான வில்லை 5 செ.மீ. குவியத்தூரம் உடையது. அதைக் கொண்டு முகத்தைப் பெரிதாக எடுக்க வேண்டுமானால் மிக நெருங்க வேண்டும். மூக்கு நுனி 30 செ.மீ. தொலைவிலும் காது 40 செ.மீ. தொலைவிலும் இருந்தால், காதைவிட மூக்கு மூன்றில் ஒரு பங்கு பெரிதாகப் பதிவாகும். 150 செ.மீ. தள்ளி நின்றால் இந்த மிகை ஏழு சதவீதம்தான். முகத்தின் அளவுப் பொருத்தத்தை முடிவு செய்வது நாம் நிற்கும் தொலைவே. நீண்ட குவியத்தூரம், தள்ளி நின்றும் முகத்தைப் பெரிதாக எடுக்க உதவுகிறது.

அடுத்தது அமைப்பு. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஐந்து கண்ணாடிகளைத் தனித்தனியே வைத்தால் பத்துப் பரப்புகள். 66 சதவீத ஒளிதான் மிஞ்சும். ஜெர்மனியின் லுட்விக் பெர்ட்டெலெ, ‘சோனார்’ என்னும் அமைப்பில் கண்ணாடிகளை ஒட்டி மூன்றே தொகுதிகளாக்கினார். நிக்காரும் அவ்வழியைப் பின்பற்றியது: ஐந்து கண்ணாடிகள், மூன்று தொகுதிகள், ஆறு பரப்புகள். மேற்பூச்சு இல்லாவிட்டாலும் 78 சதவீத ஒளி உள்ளே செல்லும். நிக்காருக்கு மேற்பூச்சும் இருந்ததால் இழப்பு இன்னும் குறைந்தது.

மூன்றாவது, அதன் அகன்ற திறப்பு. எஃப் எண் 2. அதாவது திறப்பின் விட்டம் குவியத்தூரத்தில் பாதி. முழுதும் திறந்து ஒன்றரை மீட்டரில் படம் எடுத்தால், ஏறக்குறைய 4 செ.மீ. ஆழத்துக்குள் இருப்பவை மட்டுமே கூர்மையாக விழும். கண்கள் தெளிவாக நிற்க, பின்னணி மென்மையாகக் கரைந்துவிடும். ஆனால் தூரத்தைச் சற்றே தவறாகக் கணித்தாலும் கண்கள் மங்கிவிடும். ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவில் இரு சாளரங்கள் வழியே தெரியும் இரு பிம்பங்களை ஒன்றாக்கித் தூரத்தைச் சரிசெய்கிறோம். இது முக்கோண அளவையின் பயனே.

அத்தகைய பழைய வில்லைகளை இணைப்பு வளையம் கொண்டு இன்றைய டிஜிட்டல் காமிராக்களிலும் பொருத்திப் பயன்படுத்துகிறார்கள். காமிராக்கள் மாறின, ஒளியின் விதிகள் மாறவில்லை.

செய்து பாருங்கள்: ஒரு கண்ணை மூடிக்கொண்டு நண்பனின் முகத்தை ஒரு சாண் தொலைவிலிருந்து பாருங்கள். பிறகு ஐந்தடி தள்ளி நின்று பாருங்கள். எப்போது அவனுடைய காதுகள் நன்றாகத் தெரிகின்றன? ஏன்?