பழைய ஸ்பேர் பார்ட் பல்லிளித்தால்...

ஆன்லைனில் வாங்கிய பழைய ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லையா? அதைப் பிரித்துப் பார்க்க மட்டும் விடாதீர்கள். ஒரு திருகு கழன்றிருந்தாலும் போதும், 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்று விற்றவர் கைவிரித்துவிடுவார். பார்சலைத் திறக்கும்போதே பார்ட் நம்பர் தெரிய வீடியோ எடுத்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 14 வோல்ட் காட்ட வேண்டும். 12-லேயே நின்றால் அந்த அளவை மெக்கானிக்கின் பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை எடுபடாது. விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதும் அன்றே நடக்கட்டும், அது எப்போது மாயமாகும் என்று சொல்ல முடியாது.

'பழைய பொருளுக்கு ரீஃபண்ட் இல்லை' என்பார்கள். மிரள வேண்டாம். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ வியாபாரி திரும்பப் பெற மறுக்கக் கூடாது. (சொந்தக் காரின் பாகத்தை எப்போதோ ஒருமுறை விற்கும் தனிநபருக்கு இவ்விதிகள் பொருந்தாது.)

தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்வு வர வேண்டும். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை, கெடு 2 ஆண்டுகள்.