விசில் ஊதாத வாச்சர் – ஹெபடைடிஸ் பி கிருமி பற்றி



இரத்ததானம் கொடுத்த ஒரு தம்பியை வைத்தியசாலைக்குக் கூப்பிட்டு, அவருடைய இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். வயது 26. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயரும் டிவிஷனும் வேண்டாம். நேரே என்னிடம் வந்து, "ஐயா, எனக்குக் காமாலையே வந்ததில்லையே, ஒரு நாள் பிரட்டு தவறினதில்லையே, இது எப்படி?" என்று கேட்டார். நான் டொக்டர் இல்லை. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் உடம்பில் இரண்டு காவல் உண்டு. முதலாவது பிறவியிலேயே உள்ளது, ஸ்டோர் வாச்சர் மாதிரி. புதுக் கிருமி ஏதும் ஒரு கலத்துக்குள் நுழைந்தால் அந்தக் கலம் 'இன்டர்ஃபெரோன்' என்ற பொருளைச் சுரக்கும். அதுதான் விசில். பக்கத்துக் கலங்கள் கதவைச் சாத்திக்கொள்ளும், கொல்லி அணுக்கள் ஓடிவரும். தடிமன் காய்ச்சலில் உடம்பு நோவது பாதி இந்த ஆர்ப்பாட்டத்தால்தான். இரண்டாவது காவல் பழகிய படை. கிருமியின் முகத்தைப் படித்து வர நாளாகும்.

ஹெபடைடிஸ் பி, விசில் ஊதவிடாமல் ஈரலுக்குள் நுழைந்துவிடும். 2004 இல் அமெரிக்க விஞ்ஞானிகள் இந்தக் கிருமி ஏறிய சிம்பன்சிக் குரங்குகளின் ஈரலைப் பார்த்தார்கள். கிருமி பெருகிக்கொண்டிருந்த ஆரம்ப வாரங்களில் முதற் காவல் அசையவே இல்லையாம். கிருமி தன் மூலப் பிரதியைக் கலத்தின் கருவுக்குள் வைத்துக்கொண்டு வீட்டு ஆள் போலக் குடியிருக்கும்.

வருடக்கணக்கில் தங்கிவிட்டால் இன்னும் மோசம். கிருமி தன் மேலுறையை மட்டும் வெறும் சாக்கு போல இரத்தத்தில் கொட்டும். உண்மைக் கிருமி ஒன்றுக்கு ஆயிரத்துக்கும் மேலே. இதையே பார்த்துப் பார்த்துக் காவல் சலித்துப்போகிறது. கிருமியை மோப்பம் பிடிக்கும் உறுப்புகள் கலங்களில் குறைகின்றன. கொல்லி அணுக்கள் இருந்தும், மற்றவர்களை உசுப்பும் பொருளைச் சரியாகச் சுரப்பதில்லை. பழகிய படையும் களைத்துவிடும்.

தம்பிக்குக் காமாலை வராததும் இதனால்தான். ஈரலைப் பெரும்பாலும் உடைப்பது கிருமி இல்லை, கிருமி புகுந்த கலங்களோடு நம் காவல் போடும் சண்டைதான். காவல் தூங்கினால் காமாலையும் இல்லை. ஆனால் அப்பப்போ விழித்துச் சண்டை போடும். அப்படிப் பல வருடம் போனால் ஈரல் தழும்பேறிச் சுருங்கும், புற்றுநோயும் வரலாம். இதில் கசிப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பிறக்கும்போது தொற்றினால் 100 பிள்ளைகளில் 90 பேருக்கு நிலைத்துவிடும். பிஞ்சுக் காவல் அல்லவா. பெரியவர்களில் 5 பேருக்கும் குறைவு. எங்கள் நாட்டில் குழந்தைகளுக்கு இந்த ஊசி 2003 இல்தான் வந்தது. தம்பி அதற்கு முன் பிறந்தவர். ஊசி, கிருமியின் மேலுறையைப் பழகிய படைக்கு முன்கூட்டியே காட்டிவைக்கிறது. பிறகு வாச்சர் விசில் ஊதாவிட்டாலும் படை தயார். இப்போது 2, 4, 6 மாதங்களில் போடுகிறார்கள், தவறவிடாதீர்கள். தாய்க்குக் கிருமி இருந்தால் பிள்ளை பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் ஊசி போடவேண்டும்.

மருந்தும் உண்டு. டெனோஃபோவிர் குளிசை கிருமி பெருகுவதை அடக்கும். சிலருக்கு இன்டர்ஃபெரோனையே ஊசியாகப் போடுவார்கள், வாச்சர் ஊதாத விசிலை நாமே ஊதுவது போல. எல்லாருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. ஆனால் கிளினிக்கை விடக்கூடாது. கீழாநெல்லி போதும் என்று சிலர் சொல்கிறார்கள். 1988 இல் சென்னை ஆய்வு ஒன்று நம்பிக்கை தந்தது உண்மை, பிறகு வேறு இடங்களில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

லயத்தில் தம்பியின் டம்ளரைத் தனியாக வைத்துவிட்டார்கள். டம்ளராலோ சோற்றாலோ ஒரே பாயில் படுப்பதாலோ இது தொற்றாது. இரத்தம், சவர பிளேட், ஊசி, தாம்பத்தியம், பிரசவம், இவைதான் வழி.

அவர் மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். பரிசோதித்ததில் கிருமி இல்லை. முதல் ஊசி போட்டாயிற்று, இரண்டாவது அடுத்த மாதம். டம்ளர் மட்டும் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.