மாதிரியிலிருந்து நிரல்: மூன்று கருவிகளின் ஒப்பீடு

பின்னர் தேஜஸ் எனப் பெயர் பெற்ற இலகு ரகப் போர் விமானம், 2001-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி பெங்களூரில் முதன்முதலாக வானில் எழுந்தது. இவ்விமானம் இயல்பிலேயே நிலைப்பு அற்றவாறு வடிவமைக்கப்பட்டதாகும். நான்கு இணைத் தடங்கள் கொண்ட கணிப்பொறி அமைப்பே அதனை இடைவிடாது திருத்தி நிலைநிறுத்துகிறது. ஆகவே, மென்பொருளில் நேரும் பிழை விமானியின் உயிருக்கே அபாயமாகும்.

இத்தகைய அமைப்பில் பணிகள் இரண்டு. கட்டுப்பாட்டு விதிகளை வகுப்பது ஒன்று. அவற்றைக் கணிப்பொறி நிரலாக எழுதுவது மற்றொன்று. தேஜஸின் நிரல் ஏடா மொழியில் எழுதப்பட்டது. விதியை வகுப்பவர் கருதியதும் நிரலாளர் எழுதியதும் வேறுபடுமிடத்தில் பிழை தோன்றும். இவ்விடைவெளியைக் குறைப்பதே மாதிரிவழி மென்பொருளாக்கத்தின் நோக்கம். பொறியாளர் மாதிரியை வரைந்து சோதிக்கிறார்; கருவி அதிலிருந்து நிரலைப் பிறப்பிக்கிறது.

சிமுலிங்க்: கணித உறுப்புகளைக் கட்டங்களாக வரைந்து கோடுகளால் இணைப்பது இதன் முறை. விமானத்தின் இயக்கத்தையும் கட்டுப்பாட்டையும் ஒருங்கே இயக்கிப் பார்க்கலாம். சி மொழி நிரலையும் பெறலாம்.

ஸ்கேட்: பிரான்சில் 1980-களில் தோன்றிய லஸ்டர் மொழியை அடிப்படையாகக் கொண்டது. ஒரே உள்ளீட்டு வரிசைக்கு எப்பொழுதும் ஒரே விளைவு கிடைக்கும். இதன் நிரலாக்கி விமானத் துறை விதிகளின்படி தகுதிச் சான்றுக்கு உரியதாகையால், பிறந்த நிரலை மீண்டும் வரிவரியாகச் சரிபார்க்கும் உழைப்பு குறைகிறது.

பப்பைரஸ்: 1997-இல் பொதுத் தரமாக ஏற்கப்பெற்ற யூ.எம்.எல் வரைமொழிக்குரிய கட்டணமற்ற கருவி. அமைப்பின் உறுப்புகளையும் உறவுகளையும் விளக்க ஏற்றது. தொடர்ச்சியான இயக்கக் கணிதத்திற்கு அத்துணைப் பொருந்தாது.

கருவியைத் தெரிவு செய்வோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். மாதிரியை இயக்கிச் சோதிக்க இயலுமா? பிறந்த நிரலை எவ்வளவு நம்பலாம்? விமானம் பல பத்தாண்டுகள் பறக்கும். அத்துணைக் காலமும் மாதிரிக் கோப்பைத் திறக்க இயலுமா?

எக்கருவியும் சிந்தனைக்கு ஈடாகாது. 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி ஏரியான் 5 ஏவூர்தி தன் முதற் பயணத்திலேயே அழிந்தது. ஏரியான் 4-க்கென எழுதிய நிரற்பகுதி அதில் மீண்டும் பயன்படுத்தப்பட்டது. புதிய ஏவூர்தியின் வேகம் மிகுதியானதால், 16 பிட்டு இடத்தில் அடங்காத எண் ஒன்று பிறந்ததே காரணம். எண்ணின் எல்லை மாதிரியில் குறிக்கப்படாவிடின், கருவியும் அதனை அறியாது.

பயிற்சி: ரயில்வே கேட் ஒன்றின் நிலைகளை மாணவர்கள் வரைக. கேட் பூட்டப்படாமல் கைகாட்டி இறங்கும் வழி படத்தில் எங்கேனும் உளதா எனத் தேடுக. அத்தகைய வழியைக் காகிதத்திலேயே கண்டு அடைப்பதுதான் இம்முறையின் பயன்.