மேரி வர்கீஸின் கதையை வாசிக்கும் முறை

அன்புள்ள தங்கைக்கு,

துன்பத்தில் நிலைகுலைந்த இளம்பெண் மெல்லத் தேறி எழும் கதைகளில் தங்கைக்கு ஈடுபாடு மிகுதி என்பதால், ஆம்பூருக்கு அருகில் உள்ள வேலூரிலேயே நிகழ்ந்த ஒரு வாழ்வைக் கூறும் நூல் இங்கே அறிமுகப்படுத்தப்படுகிறது. டாரதி கிளார்க் வில்சன் எழுதி 1963-இல் வெளிவந்த ‘டேக் மை ஹேண்ட்ஸ்’, நாவலைப் போல விரிந்து செல்லும், டாக்டர் மேரி வர்கீஸின் வாழ்க்கை வரலாறு ஆகும்.

கேரளத்தில் பிறந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மேரி, 1954-இல் சக மருத்துவர்களோடு சென்ற வாகனம் விபத்துக்குள்ளானதால், முகத்தில் வடுவோடு, தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் அற்றவரானார். அவர் மனம் எப்போது தேறுமோ என்று வாசகர் பக்கங்களை விரைந்து புரட்டக்கூடும்; ஆனால் அவ்வாறு புரட்டுவோர் இந்நூலின் சாரத்தையே இழப்பர்.

தொழுநோயால் நரம்பு கெட்டு மடங்கிப்போன விரல்களுக்கு, நன்கு இயங்கும் தசையின் நாணை, அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற இழையை, இடம் மாற்றிப் பொருத்தும் அறுவை முறையை வேலூரில் வளர்த்துவந்த மருத்துவர் பால் பிராண்ட், அமர்ந்தபடியே செய்யக்கூடிய அப்பணிக்கு மேரியை அழைத்தார். ஷூ கம்பெனிகளில் கைத்திறனை நம்பிப் பல குடும்பங்கள் வாழும் ஆம்பூரைச் சேர்ந்த தங்கைக்கு, விரல் நிமிர்வது ஒருவருக்கு என்னவெல்லாம் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆறுதல் மொழிகளைவிட, தம் கைகள் இன்னும் பிறருக்குத் தேவைப்படுகின்றன என்ற உண்மையே மேரியை மீட்டது என்பதுதான் இந்நூலை உணர்ச்சிக் கதைகள் பலவற்றினும் மேலாக நிறுத்துகிறது.

பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் சிகிச்சையும் பயிற்சியும் பெற்ற அவர், மறுவாழ்வு மருத்துவத்தை, அதாவது இழந்த ஆற்றலை இயன்றவரை மீட்டு, மீளாததோடு தற்சார்பாக வாழப் பழக்கும் துறையை, வேலூரில் நிறுவித் தலைமையேற்றார். 1966-இல் வேலூரின் பாகாயம் பகுதியில் அதற்கென ஒரு நிலையமும் தொடங்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. ஆயினும் முடக்கம் நீங்கவில்லை. மரத்திலிருந்தோ கிணற்றிலோ விழுந்து தண்டுவடம் முறிந்து வந்தவர்களுக்கு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் மருத்துவம் பார்த்தார்.